வைக்காட்டோ ஆற்றங்கரையின் பழந்தோட்டங்கள்

கோட்டை எழுப்பியவர்களின் வரலாற்றை அறிவது எளிது. கல் நிற்கிறது, கல்லின்மேல் பெயரும் நிற்கிறது. கிழங்கு பயிரிட்டு உண்டு வாழ்ந்து மறைந்த மக்களின் வரலாற்றை எங்கே சென்று தேடுவது? அவர்கள் விளைத்த கிழங்கு அந்த ஆண்டிலேயே உண்ணப்பட்டுவிட்டது. அவர்கள் கையிற் பிடித்த தோண்டுகோல் மரத்தாலானது, மக்கிப் போயிற்று. எழுத்து அவர்களிடம் இல்லை. அத்தகைய மக்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன் அமைத்த தோட்டங்கள், இந்நாளில் சாலைக்கும் வீட்டு மனைக்கும் மிதிவண்டிப் பாதைக்கும் மேல்மண் வழிக்கப்படும்போது வெளிப்பட்டு வருகின்றன. அச்செய்தியை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம். நாடு நியூசிலாந்து, மக்கள் மாவோரிகள்.

நியூசிலாந்தின் வடதீவில் தௌபோ ஏரியிலிருந்து புறப்பட்டு, 425 கிலோமீட்டர் ஓடி மேலைக் கடலில் கலப்பது வைக்காட்டோ ஆறு. அந்நாட்டின் மிக நீண்ட ஆறு இதுவே. இவ்வாற்றின் கரையையொட்டி இந்நூற்றாண்டில் மிதிவண்டி செல்வோர்க்கும் நடந்து செல்வோர்க்கும் ஒரு நெடும்பாதை அமைக்கப்பட்டது. அதற்கு 'தே ஆவா' என்று பெயர். மாவோரி மொழியில் 'ஆறு' என்பது பொருள். மாவோரி அரசரின் இருக்கையாகிய ஙாருவாவாஹியாவில் தொடங்கி, ஹாமில்டன், கேம்பிரிட்ஜ் ஆகிய நகரங்கள் வழியாகக் கராப்பிரோ என்னும் ஊர்வரை அது செல்கின்றது. அவ்வாற்றின் இரு கரைப் படிநிலங்களும் பண்டைத் தோட்டங்கள் நிறைந்த நிலங்கள். எனவே அங்கே பாதை, சாலை, வீடு எதற்காக மண்ணைக் கிளறினாலும் பழந்தோட்டம் ஒன்றன் விளிம்பு எதிர்ப்படுவது வியப்பன்று.

பாதை ஒன்றன் இயல்பை இங்கே சிறிது எண்ணிப் பார்க்கலாம். அது அகலத்திற் சிறியது, ஆழத்திலும் சிறியது, நீளத்தில்தான் பெரியது. தொல்லியலார் தாமே இடந்தேர்ந்து அகழும் குழி பெரும்பாலும் பெயர்பெற்ற ஓரிடத்தில், சதுரமாக, ஆழமாக இறங்கும். பாதையோ எந்தப் புகழையும் தேடிச் செல்வதன்று. மேட்டையும் பள்ளத்தையும், வீடிருந்த இடத்தையும் வெறும் வயலையும் ஒரே கீற்றாக வெட்டிக்கொண்டு செல்கின்றது. ஆதலால், எவரும் சிறப்பென்று கருதாத நிலத்தின் செய்தியும் அதில் அகப்பட்டுவிடுகிறது. தோட்டம் என்பது அத்தகைய நிலந்தானே!

இங்ஙனம் வெளிப்படுவன அழிந்து போகாமல் பதிவு பெறுவதற்குச் சட்டமும் துணை நிற்கின்றது. 1975-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து, பதிவேட்டில் ஏறியது, ஏறாதது என்ற வேறுபாடின்றித் தொல்லிடங்கள் அனைத்தும் அந்நாட்டில் பாதுகாப்புப் பெற்றுள்ளன. 2014-ஆம் ஆண்டின் சட்டப்படி, 1900-க்கு முற்பட்ட மாந்தர் வாழ்வின் தடயம் உள்ள எவ்விடத்தையும் முன் அனுமதியின்றிக் குலைத்தல் குற்றமாகும். கோட்டைக்கும் கல்லறைக்கும் உள்ள அதே காப்பு, கிழங்கு விளைந்த மண்ணுக்கும் உண்டு என்பது நாம் கவனிக்கத்தக்கது.

மண்வாரி எந்திரம் மேல்மண்ணை மெல்ல மெல்லச் சீவி எடுக்கிறது. அருகில் ஆய்வாளர் நின்று நோக்குகிறார். அடியிலுள்ள பழுப்பு மஞ்சள் மண்ணில் கருமையான வட்டங்களும் நீள்சதுரங்களும் தோன்றும். உடனே எந்திரம் நிற்கும். கைக்கரண்டி வேலை தொடங்கும். அடுப்பிருந்த பள்ளம் கரியாலும் தீயில் வெடித்த கல்லாலும் அடையாளம் தெரியும். தூண் நட்ட குழி வட்டமாக இருக்கும். கிழங்கு சேமித்த குழி நீள்சதுரமாக இருக்கும். இவையன்றி வேறு இருவகைக் குழிகள் உண்டு. வைக்காட்டோவின் தனிச்சிறப்பு அவற்றிலேயே அடங்கியிருக்கிறது.

முதல் வகை, சரளை எடுத்த குழிகள். ஆற்றங்கரைப் படிநிலங்களில் மேலே எரிமலைச் சாம்பலும் வண்டலும் கலந்த மென்மண் படிந்திருக்கும். அதனடியில், ஆறு முன்னொரு காலத்திற் கொண்டுவந்து கொட்டிய பருமணலும் சரளையும் இருக்கும். மாவோரிகள் மேல்மண்ணைத் தோண்டி, அடியிலிருந்த மணலையும் சரளையையும் வாரி எடுத்தார்கள். அப்படி வாரிய குழிகள் இன்றும் கிண்ணம் போன்ற பள்ளங்களாக வயல்களிற் கிடக்கின்றன. எடுத்த மணல் எங்கே போயிற்று? அருகிலிருந்த தோட்டத்திற்குப் போயிற்று. அங்கே அது மேல்மண்ணோடு கலக்கப்பட்டது. இவ்வாறு மனிதர் ஆக்கிய மண், இயற்கை மண்ணினின்றும் வேறுபட்டு நிற்பதால், மண்ணியலார் அதைத் தனிவகையாகவே கொண்டு, ஹாமில்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையிலுள்ள தமாஹெரே என்னும் ஊரின் பெயரையே அதற்கு இட்டிருக்கின்றனர்.

இரண்டாம் வகை, நடவுக் குழிகள். இவை சிறியவை. மேல்மண் அகற்றப்பட்டதும், அடிமண்ணில் அரைக்கோள வடிவில் வரிசை வரிசையாகக் காணப்படும். ஒவ்வொன்றும் மணலும் சரளையும் இட்டு நிரப்பப்பட்டிருக்கும். ஹாமில்டன் பகுதியில் இத்தகைய தோட்டத் தளங்கள் இரண்டை ஆராய்ந்து வாரன் கம்ப்ளி, தாமஸ் ஹைகம், டேவிட் லோ ஆகிய மூவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முதன்மையானது. ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு மண்மேடு இருந்திருக்கும். மேட்டில் கிழங்கு நடப்பட்டிருக்கும். மேடு கரைந்து போயிற்று. குழியின் அடி மட்டும் எஞ்சியது.

நடப்பட்டது எது? நமக்கு நன்கு தெரிந்த பயிரே. சர்க்கரைவள்ளிக் கிழங்கை மாவோரிகள் 'கூமரா' என்பர். அதனுடன் சேம்பு, பெருவள்ளி, சுரை ஆகியவற்றையும் அவர்கள் தம் முன்னோர் வாழ்ந்த வெப்பமண்டலத் தீவுகளிலிருந்து தோணிகளிற் கொண்டுவந்தனர். துணி செய்வதற்கான பட்டை தரும் ஒருவகை முசுக்கட்டைச் செடியையும் கொண்டுவந்தனர். இவற்றுள் சர்க்கரைவள்ளியின் பயணம் மிக நெடியது. அது தென்னமெரிக்காவிற் பிறந்த பயிர். கொலம்பசு கடலில் இறங்குவதற்குப் பல தலைமுறைகள் முன்னரே அது பசிபிக் தீவுகளை அடைந்துவிட்டது என்பதை, குக் தீவுகளில் கிடைத்த கரிந்த கிழங்குத் துண்டுகள் மெய்ப்பித்துள்ளன. உலகை இணைத்தவர்கள் ஐரோப்பியர் மட்டுமே என்று பாடநூல்களிற் படித்தோர், இக்கிழங்கைச் சுவைக்கும்போது இதனையும் நினைக்கலாம்.

நம் நாட்டில் சர்க்கரைவள்ளியைக் கொடி வெட்டி நடுகிறோம். கொடி ஆண்டு முழுவதும் பசுமையாகக் கிடைக்கிறது. நியூசிலாந்தில் அது இயலாது. சூன் முதல் ஆகசுடு வரை அங்கே குளிர்காலம்; உறைபனி விழும்; கொடி கருகிவிடும்; மண்ணில் விட்ட கிழங்கும் அழுகிவிடும். வெப்பமண்டலத்திலிருந்து வந்திறங்கிய மக்கள், தம் பயிர் முதற் குளிரிலேயே மாள்வதைக் கண்டிருப்பார்கள். அங்கே அவர்கள் கண்ட தீர்வுகள் இரண்டு. ஒன்று, இலையுதிர் பருவத்தில் கிழங்கை அகழ்ந்து, கூரையிட்ட நிலக்குழிகளில் குளிர் தாக்காமல், ஈரம் தேங்காமல் அடுத்த வேனில் தொடங்கும்வரை காத்து, அக்கிழங்கையே விதையாக நடுதல். மற்றொன்று, மண்ணையே மாற்றுதல். சரளை கலந்த மண் வெயிலில் விரைவில் சூடேறும். மழைநீர் தேங்காமல் வடியும். கிழங்கு பருப்பதற்கு இடந்தரும். இம்மூன்றனுள் எது முதற்காரணம் என்று அறிஞர் வாதிடுகின்றனர். ஆனால் ஓர் உழவர்க்கு இவ்வாதம் சற்றே வியப்பளிக்கும். ஒரு வேலையால் மூன்று பயன் கிடைக்குமாயின் மூன்றையும் கருதியே அவர் அதனைச் செய்வார்.

அவ்வேலைக்கு இரும்பு இல்லை, மாடு இல்லை, வண்டி இல்லை. 'கோ' எனப்படும் நீண்ட தோண்டுகோல் ஒன்று, அதன் அடிப்பகுதியில் கால் வைத்து அழுத்துவதற்கு ஒரு மிதிகட்டை, மண்ணைத் தூளாக்குவதற்குக் கைக்கோல், சுமப்பதற்குக் கூடை. இவ்வளவே கருவிகள். இவற்றைக்கொண்டு ஆற்றங்கரை நெடுகிலும் மண்ணின் தன்மையையே மாற்றினார்கள் என்றால், எத்தனை கூடை, எத்தனை தலைமுறை என்று எண்ணவே மலைப்பாக இருக்கிறது.

காலத்தை எங்ஙனம் அறிகிறார்கள் எனின், அடுப்புப் பள்ளங்களிலும் நடவுக் குழிகளிலும் கிடைக்கும் கரியைக்கொண்டு கரிமம்-14 முறையில் கணிக்கின்றனர். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பல நூறாண்டு வாழ்ந்த பெருமரத்தின் வயிரப் பகுதியை எரித்த கரியானால், அடுப்பின் வயதுக்கு மாறாக மரத்தின் வயதையே அது கூறிவிடும். ஆகையால் சிறு சுள்ளி, புதர்ச்செடி ஆகியவற்றின் கரியையே தேர்ந்தெடுக்கின்றனர். பயிர் இன்னதென்பதை மண்ணில் எஞ்சிய மாவுப்பொருளின் நுண்மணிகள் காட்டுகின்றன. ஒவ்வொரு கிழங்கின் மாவுமணிக்கும் நுண்ணோக்கியில் தனி வடிவம் உண்டு.

இம்முறைகளால் நம் அறிவு விரைந்து வளர்ந்து வருகிறது. மாவோரிகளின் முன்னோர் நியூசிலாந்தில் குடியேறியது கி.பி. 13-ஆம் நூற்றாண்டு அளவில் என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட முடிவு. வடதீவின் கிழக்கிலுள்ள அஹுவாஹு என்னும் சிறு தீவில், முதலிற் சேம்பும், பின்னர் 1500-ஐ ஒட்டிச் சர்க்கரைவள்ளி மேலோங்கியும் பயிராயின என 2019-இல் வெளியான ஆய்வு கூறிற்று. அதனால் சர்க்கரைவள்ளி பிந்தி வந்த பயிரோ என ஐயுற்றோரும் இருந்தனர். தென்தீவின் வடகோடியில், இன்னும் குளிர் மிகுந்த நிலத்தில், கி.பி. 1290-க்கும் 1385-க்கும் இடைப்பட்ட காலத்துச் சர்க்கரைவள்ளி மாவுமணிகள் கிடைத்த செய்தி 2024-இல் வெளிவந்து, குடியேறிய தொடக்கத் தலைமுறைகளே அப்பயிரை முயன்று பார்த்தனர் என்பதை உறுதிப்படுத்தியது.

மண் கூறும் சான்றுக்கு எழுத்துச் சான்றும் ஓரிடத்தில் துணை வருகின்றது. 1769 அக்டோபரில் கேப்டன் குக்கின் கப்பல் வடதீவின் கீழைக் கரையில் அனவுரா விரிகுடாவில் நங்கூரமிட்டது. கப்பலில் வந்த சோசப் பேங்க்சு என்ற தாவர அறிஞர் கரையிறங்கித் தோட்டங்களைப் பார்த்தார். சர்க்கரைவள்ளி சிறுசிறு மேடுகளில், சில இடங்களில் நேர்வரிசையாகவும், சில இடங்களில் நான்கு மூலைக்கு நான்கும் நடுவே ஒன்றுமாகவும், கயிறு பிடித்தாற்போல நடப்பட்டிருந்ததை அவர் குறித்துள்ளார். அவ்விரிகுடாவில் மொத்தம் 150 முதல் 200 ஏக்கர் வரை பயிரில் இருந்தது என்றும், தாம் கண்ட மக்கள் நூறு பேர்கூட இல்லை என்றும் எழுதியுள்ளார். வைக்காட்டோ மண்ணில் இன்று வெளிப்படும் குழிகளின் ஒழுங்கு, பேங்க்சு கண்ட மேடுகளின் ஒழுங்கை நினைவூட்டுகிறது.

இத்தோட்டங்களில் கூடை சுமந்தவர் யார் என்று நம் வாசகர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்வியே. இதற்கு விடை கூறுபவர் வில்லியம் கோலன்சோ என்ற சமய ஊழியர். தமிழர் இவரை வேறொரு வகையில் அறிவர். 1830-களில் நியூசிலாந்தின் வடபகுதியில், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய வெண்கலப் பாத்திரம் ஒன்றைக் கண்டு, இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து அதை வாங்கியவர் இவரே. அது தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணி. இன்று வெல்லிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அம்மணியைக்கொண்டு தமிழர் அங்கே குடியேறினர் என முடிவு கட்டுவோர் உளர். அதற்கு வேறு சான்றில்லை. நம் பொருளுக்கு வேண்டியது, அக்கோலன்சோவே மாவோரிகளின் உணவுப் பயிர்களைப் பற்றி 1880-இல் எழுதிய கட்டுரை. தோட்ட வேலையில் தலைவனும் அவன் மனைவியரும் பிள்ளைகளும் அடிமைகளும் ஒருங்கே ஈடுபட்டனர் என்று அதில் அவர் கூறுகிறார். போரிற் பிடிபட்டோரை அடிமையாக வைத்திருந்த சமுதாயம் அது. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆயினும் மண்ணைத் தொடுதல் இழிவென்று எண்ணும் எண்ணம் அங்கே இல்லை. மாறாக, கூமரா நடவு புனிதச் செயலாக இருந்தது. ரோங்கோ என்னும் தெய்வத்தை வேண்டி, விலக்குகள் பல காத்து, தலைமை பெற்றோரே முன்னின்று நடத்தினர். மண்ணைத் தொட்டவனை ஊர்ப்புறத்தே நிறுத்திவிட்டு, அவன் விளைத்ததை மட்டும் உள்ளே எடுத்துச் சென்ற நாடுகளை அறிந்த நமக்கு இச்செய்தி அரியது.

இவ்வளவு உழைப்பேறிய நிலத்தைப் பின்னர் வந்தோர் எவ்வாறு நோக்கினர்? 1840-இல் வைத்தாங்கியில் செய்த உடன்படிக்கையில், மாவோரிகளின் நிலவுடைமைக்கு ஆங்கில அரசு உறுதி கூறியது. ஏழாண்டு கழியுமுன், 1846-இல், குடியேற்ற அமைச்சர் ஏர்ல் கிரே அனுப்பிய ஆணையுரை வேறு பேசிற்று. மாவோரிகள் குடியிருந்து பயிர்செய்யும் நிலமே அவர்களுடையது, எஞ்சியது தரிசு, அது அரசியாரின் உடைமை என்பது அதன் கருத்து. தலைமை நீதிபதி மார்ட்டினும் ஆயர் செல்வினும் எதிர்த்தனர். ஆணையும் முழுமையாக நிறைவேறவில்லை. எனினும் அவ்வெண்ணம் மறையவில்லை. தோட்டத்தைச் சில ஆண்டு பயிரிட்டபின் ஓய்வுக்கு விட்டு வேறிடம் மாறுதல் மாவோரிகளின் முறை. ஓய்வில் கிடக்கும் நிலம் அயலான் கண்ணுக்குப் புதர்க்காடு. இன்று அப்புதர்க்காட்டின் அடியில் சரளை கலந்த தோட்ட மண் கிடப்பதை எந்திரம் காட்டுகிறது. உழைத்தவனுக்கே நிலம் என்று ஏர்ல் கிரே வகுத்த அளவுகோலையே வைத்துப் பார்த்தாலும், அம்மண் யாருக்குச் சான்று சொல்கிறது?

வைக்காட்டோவில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. அங்கிருந்த மாவோரிகள் 1840-களிலும் 1850-களிலும் கோதுமை பயிரிட்டு, தாமே மாவாலைகள் அமைத்து, ஓக்லாந்து நகரச் சந்தைக்கு உணவளித்தனர். ரங்கியாவோஹியா என்னும் ஊரின் வயல்களும் பழத்தோட்டங்களும் பெயர்பெற்றவை. 1858-இல் நிலம் விற்பதைத் தடுக்கத் தம்முள் ஓர் அரசரை ஏற்படுத்திக்கொண்டனர். 1863 சூலை 12-இல் ஆங்கிலப் படை மங்கத்தாஃபிரி ஓடையைக் கடந்தது. 1864 பிப்ரவரி 21-இல் ரங்கியாவோஹியா தாக்கப்பட்டது. அரசுக்கெதிராகக் கிளர்ந்தனர் என்று குற்றஞ்சாட்டி, 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் நிலம் பறிமுதல் செய்யப்பட்டது. படையினர்க்கு அது பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹாமில்டனும் கேம்பிரிட்ஜும் 1864-இல் படைக் குடியிருப்புகளாகத் தோன்றிய ஊர்களே. ஹாமில்டன் என்பது அவ்வாண்டு போரில் இறந்த கடற்படைத் தலைவர் ஒருவரின் பெயர். அவ்விடத்தின் பழம்பெயர் கிரிகிரிரோவா. 'நீண்ட சரளைப் பரப்பு' என்பது அதன் பொருள்.

நூற்றுமுப்பது ஆண்டுகள் மாவோரிகள் வழக்குரைத்து வந்தனர். 1995-இல் நிறைவேறிய வைக்காட்டோ பறிமுதல் தீர்வுச் சட்டத்தில், போர் அநீதியானது, பறிமுதல் தவறானது என்று அரசு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. அரசி இரண்டாம் எலிசபெத்து நேரில் கையொப்பமிட்டார். நிலமும் பணமுமாக ஒப்புக்கொண்ட ஈடு 17 கோடி நியூசிலாந்து டாலர். இழந்ததன் மதிப்புக்கு இது மிகச் சிறிது என்பதை இரு சாராரும் அறிவர்.

ஓக்லாந்துக்குத் தெற்கே இஹுமாத்தாவோ என்னும் இடத்திலும் 1863-இல் மாவோரிகள் வெளியேற்றப்பட்டு நிலம் பறிபோயிற்று. எரிமலைக் கற்களைக் குவித்து மண்ணைச் சூடாக்கிப் பயிர்செய்த பழங்கல்தோட்டங்கள் அங்கே உள்ளன. அவற்றின் ஒரு பகுதி 2001-இல் காப்பிடமாயிற்று. அதனை அடுத்த நிலத்தில் வீடுகள் கட்ட முற்பட்டபோது, அவ்வூர் இளைஞர் 2016 முதல் அங்கேயே கூடாரமிட்டுத் தங்கினர். 2019 சூலையில் அவர்களை அகற்றக் காவலர் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 2020 திசம்பரில் அரசே மூன்று கோடி டாலருக்கு அந்நிலத்தை வாங்கியது. வீடு கட்டப்படவில்லை.

எல்லாத் தோட்டங்களுக்கும் இவ்வாறு காவலர் கிடைப்பதில்லை. தொல்லிடத்தைக் குலைக்கச் சட்டம் தரும் அனுமதி, பெரும்பாலும் பதிவு செய்தபின் அழிப்பதற்கான அனுமதியே. குழிகளை அளந்து, படம் எடுத்து, மண்ணையும் கரியையும் பைகளிற் கட்டிக்கொண்டபின், வேலையாட்கள் சரளை கொட்டிப் பாதை போடுகின்றனர். பாதையின் அகலம் சில மீட்டர்தான். தோட்டத்தின் மீதிப் பகுதி இருபுறமும் மேய்ச்சல் புல்லின் அடியில், நட்டவர் விட்ட வரிசையிலேயே கிடக்கின்றது. ஹாமில்டன் நகரப் பூங்காவில் ஆற்றையொட்டிய ஓரிடத்தில், 'தே பரப்பரா' என்னும் மாவோரித் தோட்டம் அமைத்து, பழைய முறைப்படி மேடுகளில் கூமரா நடுகின்றனர்.